பச்சை நூல் கட்டிய காயில்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை மதியமும் இடது ஸ்பீக்கர் கடகடத்தது.

பாட்டு முழுவதும் இல்லை. அடிக்குரல் இறங்கும் இடங்களில் மட்டும். பெட்டிக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டு மூடிவிட்டதுபோல் ஒரு சத்தம். குரல் மேலே ஏறினால் நின்றுவிடும்.

"புதன்கிழமையைவிட மோசம்மா," என்றாள் டில்டே.

லோனே பாட்டை நிறுத்தினாள்.

விடிந்தால் லோனேவுக்கும் யோர்னுக்கும் வெள்ளி மணநாள். இருபத்தைந்து வருடம். காலை ஆறரைக்குத் தெரு முழுவதும் வாசலுக்கு வந்து பாடி அவர்களை எழுப்பும். பிறகு முப்பது பேருக்கு இந்த வீட்டிலேயே காலை உணவு. அதற்காக மகள் டில்டே ஓர்ஹூஸ் நகரத்திலிருந்து பாட்டுகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். புதன்கிழமை போட்டுப் பார்த்தபோதுதான் இடது பெட்டி தகராறு செய்தது. திறந்து பார்க்கலாம் என்று டில்டே சொன்னதும் யோர்னின் முகம் மாறியது.

"திறக்காதே. ஒரு தடவை திறந்தா விளிம்புல காத்து கசியும். அடிக்குரல் செத்துப்போகும். விருந்து முடியட்டும், நானே பார்க்கறேன். சனிக்கிழமைக்கு வலது ஒண்ணு போதும்."

தெருவில் யார் வீட்டில் எது கெட்டாலும் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடுகிறவன். அதே தெருவில் இருக்கும் ஏகோனின் காதுக் கருவியைக்கூடத் திறந்து பார்த்தவன். சொந்த வீட்டு ஸ்பீக்கரை மட்டும் தொடாதே என்கிறான். புதன்கிழமை லோனே இதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

அவை கடையில் வாங்கிய ஸ்பீக்கர்கள் இல்லை. மேட்டின்மேல் இருக்கும் ஸ்பீக்கர் தொழிற்சாலையில் யோர்ன் இன்னமும் சோதனை அறையில் வேலை பார்க்கிறான். லோனே அங்கே ஒன்பது வருடம், செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, காயில் கட்டினாள். காயில் கட்டும் கூடத்தில் பாதிப் பேரை வேலையிலிருந்து அனுப்பிய இலையுதிர் காலத்தில் அவளும் வெளியே வந்தாள். கடைசி வாரம், தன் கையால் இரண்டு பெரிய காயில்களைக் கட்டி யோர்னிடம் கொடுத்தாள். அந்த டிசம்பரில் அவர்களுடைய செம்பு மணநாள். பன்னிரண்டரை வருடம். யோர்ன் தானே செய்த இந்த இரண்டு பெட்டிகளையும் விருந்தினர் முன்னால் வைத்து, "உள்ள இருக்கற செம்பு லோனே கட்டினது. இது பாடும்போதெல்லாம் அவ கைதான் பாடுது," என்று சொன்னான்.

அன்றைக்கு லோனே அழுதாள். அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

"அப்பா எப்ப வருவாரு?" டில்டே கேட்டாள்.

"நாளைக்கு ராத்திரி விருந்துக்கு மண்டபத்துல மேசை போட்டுட்டு அஞ்சு மணிக்கு."

"அப்ப மூணு மணி நேரம் இருக்கு."

லோனே மகளைப் பார்த்தாள். டில்டே புருவத்தை உயர்த்தினாள்.

"காத்து கசிஞ்சுதுன்னா?"

"இயற்பியல் படிச்சவம்மா நான். ரப்பர் பட்டை எதுக்கு இருக்கு? அதெல்லாம் கசியாது."

"சரி, திற. திட்டு வாங்கினா சேர்ந்தே வாங்கிக்கலாம்."

டில்டே பெட்டியை விரிப்பின்மேல் மல்லாக்கப் படுக்கவைத்தாள். முன்பக்கத் துணியை எடுத்தாள். பெரிய கூம்பைச் சுற்றி ஆறு ஸ்க்ரூ. கடைசி ஸ்க்ரூவைக் கழற்றியபோது அது துள்ளி, உள்ளே இருந்த காந்தம் இழுக்க, கூம்பில் ஒட்டிக்கொண்டது. கூம்பு மட்டும் அசையவில்லை. டில்டே ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் செருகப் போனாள்.

"இரும்பை வைக்காதே! வழுக்கினா கூம்பு கிழிஞ்சுடும்." லோனே சமையலறைக்குப் போய் வெண்ணெய் தடவும் மரக்கத்தியைக் கொண்டுவந்தாள். விளிம்பில் நாலு இடத்தில் மெதுவாக நெம்பினாள். ரப்பர் பட்டை முனகிக்கொண்டே விட்டது.

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"ஒன்பது வருஷம் அங்க என்ன, காப்பியா போட்டேன்?"

கூம்பைத் தூக்கி, வயர்களை உருவி, ஓரமாக வைத்தார்கள். உள்ளே திணித்திருந்த ஆட்டு ரோமத்தை டில்டே கைகொள்ளாமல் வாரி வெளியே போட்டாள். செல்போன் விளக்கை உள்ளே காட்டினாள்.

"கிடைச்சாச்சு."

அடிக்குரலையும் மேல்குரலையும் பிரிக்கும் பலகையோடு ஒட்டியிருக்க வேண்டிய பெரிய காயில், பிடி விட்டுத் தன் இரண்டு கம்பி முனைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே பசை கண்ணாடிபோல் விரிசல் விட்டு உடைந்திருந்தது. அடிக்குரல் வரும்போதெல்லாம் பெட்டி அதிர, காயில் பலகையில் போய் மோதியிருக்கிறது.

"உன் காயிலுக்கு ஒண்ணும் ஆகலைம்மா. அப்பாவோட பசைதான் ஏமாத்திடுச்சு. கொஞ்சம் பசை, ஒரு பட்டை, அரை மணி நேரம். முடிஞ்சுது." டில்டே ஈயத்தைச் சூடாக்கி முனைகளை விடுவித்து, காயிலை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தா, உன் கை."

லோனே சிரித்துக்கொண்டே வாங்கினாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது.

காயில் கூடத்தில் அப்போது பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு நிற நூல். முதல் சுற்றை அந்த நூலால் முடிந்து, பிறகுதான் கம்பியைச் சுற்ற வேண்டும். கடைசியில் மேலே வார்னிஷ். சோதனை அறையில் அளவு சரியில்லாமல் தள்ளப்பட்ட காயில், நூலின் நிறத்தைப் பார்த்து அவரவர் மேசைக்கே திரும்பி வரும். கட்டியவளே பிரிக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

லோனேவின் நூல் நீலம்.

இது பச்சை.

"வார்னிஷ் பழசாகி மஞ்சளாயிருக்கும்மா," என்றாள் டில்டே. "மஞ்சளுக்குக் கீழ நீலம் இருந்தா பச்சையாத்தான் தெரியும்."

லோனே நகத்தால் நூலின் நுனியைச் சுரண்டினாள். வார்னிஷ் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியிலும் பச்சைதான்.

"நான் ரெண்டு முடிச்சு போடுவேன்," என்றாள். "இதுல ஒண்ணு."

"அப்ப யாரோடது?"

லோனே அடுத்த பெட்டியைக் காட்டினாள். "வலதையும் திற," என்றாள்.

வலது பெட்டியிலும் பச்சை நூல்தான். பன்னிரண்டரை வருடமாக ஒட்டிய இடத்தில் அசையாமல் இருந்தது.

"நூலை அறுத்துட்டாவது வச்சிருக்கலாம்," என்றாள் டில்டே.

"முடியாது. அதை அறுத்தா முதல் சுத்து தளர்ந்துடும். அப்புறம் எல்லாமே தளர்ந்துடும்." லோனேவின் குரல் யாரோ பேசுவதுபோல் இருந்தது. "உங்கப்பாவுக்கு அது நல்லாத் தெரியும். அதனாலதான் திறக்காதேன்னான்."

வாசலில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஏகோனும் மற்றவர்களும் வளைவை நிறுத்த வந்துவிட்டார்கள்.

மரச்சட்டத்தில் ஊசியிலைக் கொத்துகளைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, வெள்ளிக் காகிதப் பூக்கள் செருகி, உச்சியில் இருபத்தைந்து என்று எழுதிக் கதவைச் சுற்றி நிறுத்துவார்கள். நாளைக் காலை கணவனும் மனைவியும் கதவைத் திறந்து அதன் கீழேதான் சேர்ந்து நிற்க வேண்டும். இன்று அதை நிறுத்தி முடிக்கும்வரை வீட்டிலிருப்பவர்கள் ஒன்றும் தெரியாததுபோல் உள்ளே இருப்பார்கள். முடிந்ததும் வெளியே வந்து, வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டு, எல்லோருக்கும் பீர் கொடுப்பார்கள்.

லோனே ஜன்னலைத் திறந்தாள்.

"ஏய், மூடு!" ஏணிமேலிருந்து ஏகோன் கத்தினார். "நீ எங்களைப் பார்க்கவே கூடாது!"

"நான் யாரையும் பார்க்கலை ஏகோன். பெந்தேயை மட்டும் உள்ள அனுப்புங்க."

"வேலை இருக்கு அவளுக்கு! கொத்து கட்ட எனக்கு அவ கைதான் வேணும்!"

"எனக்கும் அவ கைதான் வேணும்," என்றாள் லோனே.

பெந்தே எதிர்வீடு. கூடத்தில் பக்கத்து மேசை. பெரும் ஆட்குறைப்பு நடந்த அந்த வருடம்தான் கணவன் அவளை விட்டுப் போனான். மகனுக்கு அப்போது நாலு வயது. கூடத்தில் தங்கிய ஆறு பேரில் அவளும் ஒருத்தி. இன்றும் அங்கேதான் கட்டுகிறாள். வேலை போன லோனே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கையெல்லாம் பிசின் ஒட்டியிருக்க, பெந்தே சிரித்தபடி உள்ளே வந்தாள். "என்ன, இப்பவே பீரா? ஏகோனுக்கு ரெண்டாவது கொடுத்துடாதே, இருபத்தஞ்சைத் தலைகீழா மாட்டிடுவாரு…"

வரவேற்பறை வாசலில் நின்றுவிட்டாள். இரண்டு பெட்டிகளும் வயிறு திறந்து கிடந்தன. லோனேவின் கையில் பச்சை நூல்.

"உன்னோடதுதானே?"

பெந்தே பிசினைத் தன் சட்டையில் துடைத்தாள். "ஆமா."

"உள்ள இருக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த சோபாவுல உக்காந்து கேட்டியே பெந்தே. 'கேளுங்க, என் கை பாடுது'ன்னு நான் இளிச்சுக்கிட்டு நின்னேனே. நீ தலையை ஆட்டினியே."

"நான் வேற என்ன பண்றது, லோனே?"

"டில்டே, அம்மாவுக்கு ஒரு நாற்காலி," என்றாள் லோனே. டில்டே நாற்காலியை இழுத்துப் போட்டாள். லோனே உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொல்லு."

பெந்தே வெளியே ஒரு முறை பார்த்தாள்.

"நீ போனதுக்கு அடுத்த வாரம். யோர்ன் உன் ரெண்டு காயிலையும், பெட்டியில மாட்டறதுக்கு முன்னாடி அளக்க, சோதனை மேசைக்கு எடுத்துட்டு வந்தான். மேஸ்திரி ஹோல்கர் பக்கத்துல நின்னான். யோர்ன் மீட்டரை வச்சுப் பார்த்துட்டு, 'ரெண்டும் அளவுக்கு வெளிய'ன்னு சொன்னான். பழைய செம்புத் தொட்டியில போட்டுட்டான். அப்புறம் என்கிட்ட வந்து, 'பெந்தே, நீ ரெண்டு கொடு, லோனேவுக்குத் தெரிய வேண்டாம், மனசு உடைஞ்சுடும்'னான். கொடுத்தேன். நல்லதுக்குன்னுதான் நினைச்சேன்."

"என் காயில் அளவுக்கு வெளியவா?"

"ஹோல்கர்கூட ஆச்சரியப்படலை. ஏற்கெனவே பட்டியல்ல…" பெந்தே வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன பட்டியல்?"

"விடு லோனே. நாளைக்கு உன் வெள்ளி மணநாள்."

"எந்தப் பட்டியல்?"

டில்டே அம்மாவை இப்படிப் பார்த்ததில்லை. குரல் உயரவே இல்லை.

"ஆளை அனுப்பின பட்டியல்," என்றாள் பெந்தே. "தள்ளின காயில் கணக்குப்படிதான் போட்டாங்க. யாருக்கு அதிகம் தள்ளியிருக்கோ அவங்க வெளிய. நீ லீவு போட்டிருந்த ஒரு நாள் ஹோல்கர் எங்களுக்குப் படிச்சான். உன் பேர் மேல இருந்தது."

"ஒரு வீட்டுல ஒருத்தர்தான் இருக்கலாம்னு ஆபீஸ்ல முடிவு பண்ணாங்க," என்றாள் லோனே. "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அங்க வேலை பார்த்தது நாங்க மட்டும்தான். அதனால நான் வந்துட்டேன்."

பெந்தே தரையைப் பார்த்தாள். "அப்படி ஒரு விதி இல்லை. யோர்ன்தான் எங்க எல்லார்கிட்டயும் வந்து கேட்டுக்கிட்டான். 'கை சரியில்லைன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. நான் வேற மாதிரி சொல்லியிருக்கேன், நீங்களும் அப்படியே விட்டுடுங்க'ன்னான். நாங்க விட்டுட்டோம். அவ்வளவுதான். உன்மேல இருந்த பிரியத்துலதான்."

"எல்லாருக்கும் தெரியுமா? தெரு முழுக்க?"

பெந்தே தலையை மட்டும் அசைத்தாள்.

லோனே ஜன்னல் வழியே பார்த்தாள். ஏகோனின் மனைவி கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தத் தெருவில் இத்தனை வருடத்தில் எத்தனை வளைவு கட்டியிருப்பார்கள்! ஒவ்வொரு முறையும் லோனே கம்பிச் சுருளை எடுக்கப் போவாள். ஒவ்வொரு முறையும் யாராவது சிரித்துக்கொண்டே அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். 'நீ காப்பி போடு லோனே, உன் காப்பிதான் காப்பி.' டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடக் காகித இதயம் பின்ன உட்கார்ந்தால் அவள் பின்னியதைப் பெந்தே எடுத்து மெல்ல இழுத்துச் சரிசெய்து வைப்பாள். அன்பு என்றுதான் லோனே நினைத்திருந்தாள்.

பன்னிரண்டரை வருடம். கை சரியில்லாதவள் என்று ஊரே அவளிடம் மென்மையாக நடந்துகொண்டிருக்கிறது.

"பெந்தே," என்றாள். "அந்த இலையுதிர் காலத்துல எனக்குத் திரும்பி வந்த காயில் மூணு. மூணுதான். நானே பிரிச்சேன்."

பெந்தே நிமிர்ந்தாள்.

"மூணா?"

"மூணு. நீதான் பக்கத்து மேசை. என் மேசையில குவிஞ்சு கிடந்து பார்த்தியா?"

பெந்தேயின் முகத்தில் ஏதோ ஓடியது. எதையோ மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறவள்போல் உதடு அசைந்தது. "அவமானமா இருக்கும்னு நீ வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரிக்கறேன்னு நினைச்சேன்," என்றாள், மிக மெதுவாக.

டில்டே குறுக்கே வந்தாள். "அந்த ரெண்டு காயிலும் இருந்தா இப்பவே அளந்துடலாம். அப்பாவோட மீட்டர் வேலை அறையில இருக்கு. தொட்டியில போட்டுட்டாரே."

"தொட்டியில இல்லை," என்றாள் பெந்தே. "அவன் போனதும் நான் எடுத்துட்டேன். உன் நீல நூலை அப்படியே உருக்க அனுப்ப மனசு வரலை. என் வீட்டுப் பொத்தான் டப்பாவுல இருக்கு."

அவள் ஏணியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். "எங்கே ஓடறே? கம்பியைப் பிடி!" என்று ஏகோன் கத்தியது உள்ளே கேட்டது. மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தாள். துணியில் சுற்றிய இரண்டு காயில்கள். நீல நூல். ஒவ்வொன்றிலும் இரண்டு முடிச்சு.

டில்டே மீட்டரைக் கொண்டுவந்தாள். முதலில் பச்சையை அளந்தாள்.

"அதை எதுக்கு?" என்றாள் லோனே.

"மீட்டர் பொய் சொல்லலைன்னு தெரியணும்." எண் நின்றது. ஒன்று புள்ளி ஐந்து மூன்று. வலது பெட்டியிலிருந்து கழற்றிய பச்சை, ஒன்று புள்ளி ஐந்து நான்கு. "எவ்வளவு இருக்கணும்?"

"ஒண்ணு புள்ளி அஞ்சு பூஜ்யம். கடைசி இலக்கத்துல ஏழு கூடலாம், ஏழு குறையலாம்," என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"அப்ப பச்சை சரிதான்." நீலத்தின் முனைகளைக் கொக்கியில் மாட்டினாள். மூவரும் குனிந்தார்கள்.

ஒன்று புள்ளி ஐந்து பூஜ்யம்.

இரண்டாவது நீலம். ஒன்று புள்ளி ஐந்து பூஜ்யம்.

டில்டே கழற்றிவிட்டு மறுபடி மாட்டினாள். அதே எண். அவள் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் தோளைத் தொட்டாள். லோனே மெல்ல விலகிக்கொண்டாள்.

"ஹோல்கர் பக்கத்துல நின்னதால," என்றாள் டில்டே. யோசித்து யோசித்துத்தான் வார்த்தை வந்தது. "இது சரியா இருக்குன்னு சொன்னா, அப்ப பட்டியல் எப்படி வந்துச்சுன்னு கேள்வி வரும். அதனாலதான் அப்பா…"

"தெரியுது," என்றாள் லோனே. "ஈயத்தைச் சூடு பண்ணு."

"எதுக்கும்மா?"

"ஸ்பீக்கரைச் சரிபண்ண வேண்டாமா? அதுக்குத்தானே திறந்தோம்."

அவளே செய்தாள். பழைய பசையை மரக்கத்தியால் செதுக்கி எடுத்தாள். நீல நூல் காயிலைப் பலகையில் வைத்தபோது டில்டே, "படுக்க வைக்கவா?" என்றாள்.

"படுக்க வைக்காதே. பக்கத்துல சின்னக் காயில் படுத்திருக்கு பாரு. ரெண்டும் ஒரே பக்கம் பார்த்தா ஒண்ணோட காந்தம் இன்னொண்ணுக்குள்ள புகுந்து பேசும். ஒண்ணு படுத்தா ஒண்ணு நிக்கணும்." நிறுத்தி வைத்தாள். பசை, அதன்மேல் ஒரு பட்டை, இறுக்கி ஒரு முடிச்சு. ஈயம் உருகி, பளபளத்து, உறைந்தது. கை ஓரிடத்திலும் தவறவில்லை. பெந்தே அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு முறைகூட, 'விடு, நான் பண்றேன்' என்று சொல்லவில்லை.

ரோமத்தைத் திணித்தார்கள். கூம்பை உட்காரவைத்து ஆறு ஸ்க்ரூவையும் எதிரெதிராக இறுக்கினார்கள். அடுத்து வலது பெட்டி. டில்டே பாட்டைப் போட்டாள்.

அடிக்குரல் இறங்கியது. இன்னும் இறங்கியது. தரைப் பலகை லேசாக அதிர்ந்தது. கடகடப்பு இல்லை.

வெளியே சுத்தியல் நின்று, யாரோ கைதட்டினார்கள். "சரியாயிடுச்சா? நாளைக்கு ஆடலாம்!" ஏகோனின் குரல்.

அதோடு சேர்ந்து காரின் கதவுச் சத்தம். ஐந்து அடித்துப் பத்து நிமிடம்.

யோர்ன் பின்வாசல் வழியாக வந்தான். முன்வாசல் வளைவைப் பார்க்கக் கூடாதல்லவா. கையில் நாளைக்கான காகிதக் கொடிகள் இருந்த பெட்டி. "ஒண்ணுமே பார்க்கலை நான், கண்ணை மூடிட்டே வந்தேன்," என்று சிரித்துக்கொண்டே வந்தவன், பாட்டைக் கேட்டு நின்றான். இரண்டு பக்கமும் பாடுவது அவனுக்கா தெரியாது?

"யாரு திறந்தது?"

டில்டே பாட்டை நிறுத்தினாள்.

மேசைமேல் இரண்டு பச்சை நூல் காயில்கள் இருந்தன. யோர்னின் கண் அவற்றின்மேல் விழுந்தது. பிறகு பெந்தேயின்மேல். பிறகுதான் மனைவியின்மேல்.

"லோனே, நான் சொல்லணும்னுதான்…"

"நான் ஒண்ணு கேக்கறேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லு," என்றாள் லோனே. "என்னை அனுப்பின அந்த இலையுதிர் காலத்துல என் காயில் எத்தனையைத் தள்ளினதா எழுதின?"

"நாப்பத்தொண்ணு."

அவன் யோசிக்கவே இல்லை. நேற்று எழுதியவன்போல் சொன்னான். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. கொடிப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு வந்தது மூணு," என்றாள் லோனே. "மீதி முப்பத்தெட்டு எங்க இருந்து வந்தது, யோர்ன்?"

யோர்னின் கண் மறுபடி பெந்தேயிடம் போனது.



"என்கிட்ட இருந்து வந்தது," என்றாள் பெந்தே. மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நாப்பத்தொண்ணு என்னோடது. வீட்டுல பையன் அழுவான், ராத்திரி தூக்கம் இல்லை, சுத்து எண்ணிக்கை தப்பிக்கிட்டே இருந்தது. ஒவ்வொண்ணா என் மேசைக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொண்ணையும் நான் பிரிச்சேன். என் பேர்தான் முதல்ல வரும்னு பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன். ஹோல்கர் படிச்சப்போ என் பேருக்கு நேரா மூணுன்னான்." அவள் யோர்னைப் பார்த்தாள். "எங்கேயோ தப்பா எழுதிட்டாங்க, என் அதிர்ஷ்டம்னு நினைச்சேன். இடம் மாத்தி எழுதினியா? அவளோடதை எனக்கும், என்னோடதை அவளுக்கும்?"

"உனக்குச் சின்னப் பையன் இருந்தான்," என்றான் யோர்ன். "எங்க வீட்டுல என் சம்பளம் இருந்தது. உனக்கு யாரும் இல்லை."

"நான் உன்னைக் கேட்டேனா?"

"இல்லை."

"நான் கேட்டேனா, யோர்ன்?"

"இல்லை, பெந்தே. நீ கேக்கலை."

அந்த 'பெந்தே'யை அவன் அத்தனை கனிவாகச் சொன்ன விதத்தில் டில்டே நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கதவு தட்டப்பட்டது. மூன்று முறை, தாளத்தோடு.

"முடிஞ்சுது!" ஏகோன் வெளியிலிருந்து கூவினார். "வந்து ஆச்சரியப்படுங்க! தொண்டை காயுது!"



லோனே மேசையிலிருந்து ஒரு பச்சைக் காயிலை எடுத்துப் பெந்தேயின் கையில் வைத்தாள். இன்னொன்றைக் கணவன் பிடித்திருந்த பெட்டிக்குள், காகிதக் கொடிகளின் மேல் வைத்தாள்.

"பாவப்பட்டு ஒருத்திக்கு வேலையைக் கொடுக்கலாம்," என்றாள். "என்கிட்ட வந்து கேட்டிருந்தா நானே வேலையை விட்டுட்டு வந்திருப்பேன். அது உனக்கும் தெரியும். ஆனா அவ கட்டினதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து வச்சு, என் கைன்னு சொல்லி, என்னையே தினமும் கேக்க வச்சியே. அது யாருக்காக?"

மறுபடியும் மூன்று தட்டு. வெளியே சிரிப்பு.

"போ யோர்ன்," என்றாள் லோனே. "கதவைத் திற. நாளைக்குக் காலையில வந்து யாருக்குப் பாடணும்னு அவங்களுக்குச் சொல்லு."